‘எது வேண்டும்’ என்று எழுதினால் போதுமா? அறிவிப்பு முறை நிரலாக்கம்: தொடங்குவோருக்கு

எக்செல் போன்ற விரிதாளில் கணக்குப் போட்ட எவரும் அறிவிப்பு முறை நிரலாக்கத்தைத் தெரியாமலே செய்திருப்பார்கள். மூன்றாவது கட்டத்தில் ‘முதல் கட்டத்தையும் இரண்டாவது கட்டத்தையும் கூட்டினால் வருவது’ என்று ஒரு சூத்திரம் எழுதுகிறீர்கள். பிறகு முதல் கட்டத்து எண்ணை மாற்றினால் மூன்றாவது தானாக மாறுகிறது. எந்தக் கட்டத்தை முதலில் கணக்கிட வேண்டும், எதைத் திரும்பக் கணக்கிடத் தேவையில்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. கட்டங்களுக்கு இடையே உள்ள உறவை மட்டும் சொன்னீர்கள். வரிசையை மென்பொருள் பார்த்துக்கொண்டது.

சி, ஜாவா, பைத்தான் ஆகியவற்றில் வழக்கமாக எழுதுவது கட்டளை முறை. மாறியில் பூஜ்யத்தைப் போடு, பட்டியலில் ஒவ்வொன்றாக எடு, கூட்டு, முடிந்ததா என்று பார் என ஒவ்வோர் அடியையும் சொல்கிறோம். அறிவிப்பு முறையில், அதாவது ‘டிக்ளரேட்டிவ்’ முறையில், விடை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்பதைச் சொல்கிறோம். எஸ்.கியூ.எல்., ப்ரோலாக், டேட்டாலாக், ஹாஸ்கெல், மினிசிங்க் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

‘எப்படி என்று சொல்லாதே, எது வேண்டும் என்று சொல்’ என்பதோடு பல அறிமுகங்கள் முடிந்துவிடுகின்றன. அது பாதி உண்மைதான். ‘எப்படி’ என்ற கேள்வி எங்கும் போய்விடுவதில்லை, யாராவது அதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும். மனிதர் சொல்லாவிட்டால் மொழிப்பொறி, அதாவது நிரலை இயக்கும் மென்பொருள், சொல்லும். அது மோசமாகச் சொன்னால் நிரல் நாள் முழுக்க ஓடும், அல்லது முடியவே முடியாது. இந்தத் துறையின் ஐம்பது ஆண்டு ஆய்வில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது: பொருளை மாற்றாமல் செய்முறையை மட்டும் மாற்றுவது எப்படி?

தர்க்க நிரலாக்க ஆய்வாளர் ராபர்ட் கோவால்ஸ்கி 1979இல் இதை ஒரு சமன்பாடாகவே எழுதினார்: அல்காரிதம் = தர்க்கம் + கட்டுப்பாடு. எது உண்மை என்பது தர்க்கம். அதை எந்த வரிசையில் தேடுவது என்பது கட்டுப்பாடு. தர்க்கத்தைத் தொடாமல் கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால் விடை அதேதான், வேகம் வேறு. சொல்ல எளிது. நடைமுறையில் எங்கே உடைகிறது என்பதை ஐந்து வரி நிரலை வைத்தே பார்த்துவிடலாம்.

ஐந்து வரியில் ஒரு நிரல்

சில இடங்கள், அவற்றுக்கிடையே ஒருவழி இணைப்புகள். எங்கிருந்து எங்கே போக முடியும் என்பதே கேள்வி. ப்ரோலாக்கில் இப்படி எழுதலாம்:

இணைப்பு(அ, ஆ).
இணைப்பு(ஆ, இ).
இணைப்பு(இ, ஈ).

பாதை(_இங்கு, _அங்கு) :- இணைப்பு(_இங்கு, _அங்கு).
பாதை(_இங்கு, _அங்கு) :- இணைப்பு(_இங்கு, _இடை), பாதை(_இடை, _அங்கு).

முதல் மூன்றும் தகவல்கள். கடைசி இரண்டும் விதிகள். ‘:-’ என்ற குறியை ‘என்றால்’ என்று பின்னாலிருந்து படியுங்கள். காற்புள்ளியை ‘மேலும்’ என்று படியுங்கள். இங்கிருந்து இடைக்கு இணைப்பு உண்டு, மேலும் இடையிலிருந்து அங்கே பாதை உண்டு என்றால், இங்கிருந்து அங்கே பாதை உண்டு. அடிக்கோட்டில் தொடங்குபவை மாறிகள். ப்ரோலாக்கில் மாறியின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை என்பதால் நமக்கு அடிக்கோடுதான் வழி. அதை மறந்தால் ‘இங்கு’ என்பதும் ‘அ’ போல ஓர் இடத்தின் பெயராகிவிடும். பிழைச்செய்தி வராது, விடையும் வராது.

பாதை(அ, _எங்கே) என்று கேட்டால் ஆ, இ, ஈ என்று மூன்று விடைகள் வரும். அதே நிரலிடம் பாதை(_எங்கிருந்து, ஈ) என்று திருப்பிக் கேட்டால் இ, அ, ஆ என்று வரும். ஒரு வரிகூட மாற்றவில்லை. கட்டளை முறையில் இந்த இரண்டு கேள்விக்கும் இரண்டு தனி நிரல்கள் எழுதியிருப்போம். உள்ளீடு எது, வெளியீடு எது என்று விதி முன்கூட்டியே முடிவு செய்யாததால் கிடைக்கும் வசதி இது. இதற்கு அடிப்படையான பொருத்துதல் முறையை ஆலன் ராபின்சன் 1965இல் வகுத்தார். 1972 வாக்கில் மார்சே நகரில் அலென் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூசலும் ப்ரோலாக்கை உருவாக்கினார்கள். எடின்பரோவில் இருந்த கோவால்ஸ்கியின் தர்க்க ஆய்வு அதற்குத் துணையாக இருந்தது.

விடைகள் ஏன் இ, அ, ஆ என்ற வரிசையில் வந்தன? ப்ரோலாக் விதிகளை மேலிருந்து கீழாக எடுக்கும். ஒரு விதிக்குள் இருப்பவற்றை இடமிருந்து வலமாக எடுக்கும். ஒரு வழி அடைபட்டால் கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பின்வாங்கி அடுத்ததை முயலும். ‘ஈ’க்கு நேரடி இணைப்பு இ-யிலிருந்துதான். முதல் விதி அதைத் தந்தது. பிறகுதான் இரண்டாம் விதிக்குப் போய், அ-வையும் ஆ-வையும் கண்டது.

வரிசையை மாற்றினால்

தர்க்கத்தில் ‘அ மேலும் ஆ’ என்பதும் ‘ஆ மேலும் அ’ என்பதும் ஒன்றே. அப்படியானால் இரண்டாம் விதியை இப்படியும் எழுதலாம்:

பாதை(_இங்கு, _அங்கு) :- பாதை(_இங்கு, _இடை), இணைப்பு(_இடை, _அங்கு).

பொருள் துளியும் மாறவில்லை. ஆனால் பாதை(அ, _எங்கே) என்று கேட்டால் ஆ, இ, ஈ வந்த பிறகு நிரல் முடிவில்லாமல் சுழன்று, நினைவக அடுக்கு (ஸ்டாக்) நிரம்பி விழும். பாதையைக் கண்டுபிடிக்கப் பாதையைத் தேடு, அதற்குப் பாதையைத் தேடு என்று, இணைப்பு எதையும் தொடாமலே உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு இடப்பக்கத் தன்னழைப்பு என்று பெயர். இந்த விதியை மேலேயும் நேரடி இணைப்பு விதியைக் கீழேயும் வைத்தால் இன்னும் மோசம், ஒரு விடைகூட வராது.

சரி, முதலில் எழுதிய வடிவத்தையே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு தகவலைக் கூட்டுவோம்: இணைப்பு(ஈ, அ). இப்போது வட்டம் உருவாகிவிட்டது. விடைகள் ஆ, இ, ஈ, அ, ஆ, இ, ஈ, அ என்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு விடையும் சரியானதுதான், ஆனால் பட்டியல் முடிவதில்லை.

ப்ரோலாக் கற்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘வரிசை முக்கியமில்லை என்றார்களே’ என்று மனம் சோர வேண்டியதில்லை. தர்க்கத்தில் வரிசை முக்கியமில்லைதான். ப்ரோலாக் தேர்ந்தெடுத்த கட்டுப்பாட்டில் முக்கியம். அந்தக் கட்டுப்பாடு வேகத்துக்காக எடுத்த முடிவு: நினைவகம் குறைவாகச் செலவாகும், கம்பைல் செய்ய எளிது. டேவிட் எச். டி. வாரன் 1983இல் வகுத்த கருத்தியல் பொறி, அதாவது ‘வாரன் அப்ஸ்ட்ராக்ட் மெஷின்’, இந்த வரிசைத் தேடலை மிகத் திறமையான கட்டளைகளாக மாற்றிக் காட்டியது. இன்றைய பல ப்ரோலாக் மொழிப்பொறிகளின் எலும்புக்கூடு அதுதான்.

கீழிருந்து மேலே

அதே விதிகளை வேறு கட்டுப்பாட்டில் ஓட்டிப் பார்ப்போம். கேள்வியிலிருந்து தொடங்காமல் தகவல்களிலிருந்து தொடங்குவது டேட்டாலாக்கின் முறை. கையில் உள்ள எல்லாத் தகவல்களையும் விதிகளில் போட்டு, புதிதாக என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். புதிதாக ஒன்றும் கிடைக்காதபோது நிறுத்திவிட வேண்டும்.

நமது வட்டத்தில் நான்கு இணைப்புகள். முதல் சுற்றில் நேரடிப் பாதைகள் 4. இரண்டாம் சுற்றில் இரண்டு இணைப்பு நீளமுள்ள பாதைகள், புதிதாக 4. மூன்றாம் சுற்றில் இன்னொரு 4. நான்காம் சுற்றில் ஒவ்வோர் இடமும் தன்னிடமே திரும்பும் பாதைகள் 4. மொத்தம் 16. ஐந்தாம் சுற்றில் கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. எனவே நிற்கிறது. நாலு இடங்களுக்கு நாலு நாலாகப் பதினாறு இணைகளுக்கு மேல் இருக்கவே முடியாது என்பதால் நின்றே ஆக வேண்டும். டேட்டாலாக்கில் புதிய மதிப்புகளை உருவாக்கும் வசதியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். முடிவது உறுதி என்ற வரம் அதற்குக் கிடைத்த விலை. எண்களைக் கூட்டும் வசதியைச் சேர்த்த டேட்டாலாக் வகைகளில் இந்த உறுதி போய்விடும்.

இந்த முறையை அப்படியே செய்தால் வீண்வேலை அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் பழைய பாதைகளையும் மறுபடி விதியில் போடுகிறோம். எண்ணிப் பாருங்கள்: இரண்டாம் விதி இரண்டாம் சுற்றில் 4 முறை பொருந்தும், பிறகு 8, 12, 16, ஆக மொத்தம் 40. போன சுற்றில் புதிதாக வந்தவற்றை மட்டும் போட்டால் சுற்றுக்கு 4 வீதம் 16 முறையோடு முடிந்துவிடும். ‘செமி-நைவ்’ என்று இதைச் சொல்வார்கள். 4 இடங்களில் 40க்கும் 16க்கும் உள்ள வேறுபாடு அற்பமாகத் தெரியலாம். நீண்ட பாதைகள் உள்ள பெரிய தரவில் இது இல்லாமல் வேலையே நடக்காது. ஜாவா நிரல்களில் எந்த மாறி எந்தப் பொருளைச் சுட்டக்கூடும் என்று ஆராயும் டூப், டேட்டாலாக்கை சி++ ஆக மாற்றித் தரும் சூஃப்ளே போன்ற கருவிகள் இந்த முறையின் மேல்தான் நிற்கின்றன.

இன்னொரு வீண்வேலையும் உண்டு. நாம் கேட்டது அ-விலிருந்து எங்கே போகலாம் என்பது மட்டும். அதற்கு 4 விடைகள் போதும். கணக்கிட்டதோ 16. 1986இல் பான்சியோன், மேயர், சகீவ், உல்மன் ஆகியோர் முன்வைத்த ‘மேஜிக் செட்ஸ்’ முறை, கேள்வியில் உள்ள ‘அ’ என்ற தகவலை விதிகளுக்குள் நுழைத்து, தேவையற்றதைக் கணக்கிடாதபடி நிரலையே மாற்றி எழுதுகிறது.

இங்கே ஓர் அழகான திருப்பம் உண்டு. நாம் முதலில் எழுதிய விதிக்கு இதைச் செய்தால் பயன் இல்லை. அ-வுக்கு ஆ-விலிருந்து பாதை தேவை, அதற்கு இ-யிலிருந்து தேவை என்று நாலு இடமும் உள்ளே வந்து மறுபடி 16தான். ப்ரோலாக்கைக் கவிழ்த்த இடப்பக்கத் தன்னழைப்பு விதிக்குச் செய்தாலோ, அ-வில் தொடங்கும் பாதைகள் மட்டும், சரியாக 4. ஒரு கட்டுப்பாட்டில் நிரலைக் கொல்லும் வரிசை இன்னொன்றில் மிகச் சிறந்த வரிசை. ‘நல்ல நிரல் எது’ என்ற கேள்விக்குக் கட்டுப்பாட்டைக் குறிப்பிடாமல் விடையே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவழியும் உண்டு. எக்ஸ்.எஸ்.பி., எஸ்.டபிள்யூ.ஐ. ப்ரோலாக் போன்றவற்றில் ‘டேபிள்’ என்ற ஓர் அறிவிப்பு வரியால், கேட்ட கேள்வியையும் கிடைத்த விடைகளையும் அட்டவணையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதே கேள்வி மறுபடி எழுந்தால் உள்ளே போகாமல் அட்டவணையைப் பார்க்கும். இடப்பக்கத் தன்னழைப்பு, வட்டம் இரண்டும் அடங்கிவிடும். விலை: அட்டவணை நினைவகத்தைத் தின்னும்.

எஸ்.கியூ.எல். எழுதுவோருக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. ‘வித் ரிகர்சிவ்’ எழுதும்போது ‘யூனியன் ஆல்’ போட்டால் வட்டமுள்ள தரவில் வினவல் முடியாது. ‘யூனியன்’ போட்டால் இரட்டிப்புகள் நீங்கி முடிந்துவிடும். ஆனால் பாதை நீளம் என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்தீர்களோ, ஒவ்வொரு சுற்றிலும் நீளம் மாறுவதால் எந்த வரியும் இரட்டிப்பாகாது. ‘யூனியன்’ இருந்தும் ஓடிக்கொண்டே இருக்கும். நீளத்துக்கு ஒரு மேல்வரம்பு போடுங்கள்.

‘இல்லை’ என்ற சொல் தரும் தொல்லை

இ-யிலிருந்து உ என்ற புதிய இடத்துக்கு ஓர் இணைப்பைச் சேர்ப்போம். உ-விலிருந்து வெளியே எங்கும் இணைப்பில்லை. அப்படிப்பட்ட முட்டுச்சந்துகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இடம்(அ) முதல் இடம்(உ) வரை ஐந்து தகவல்களையும் எழுதிவிட்டு:

முட்டுச்சந்து(_இடம்) :- \+ இணைப்பு(_இடம், _எதுவும்), இடம்(_இடம்).

‘\+’ என்பது ‘நிறுவ முடியவில்லை’ என்று பொருள்படும். முட்டுச்சந்து(உ) என்று கேட்டால் ‘ஆம்’ என்கிறது. முட்டுச்சந்து(_எது) என்று கேட்டால் ‘எதுவும் இல்லை’ என்கிறது. ஒரே நிரல், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள்.

இரண்டாவது கேள்வியில் _இடம் இன்னும் எந்த மதிப்பையும் பெறவில்லை. எனவே ‘\+’ உள்ளே கேட்கப்படுவது ‘எங்காவது, ஏதாவது ஓர் இணைப்பு இருக்கிறதா’ என்பது. இருக்கிறது. ஆகவே மறுப்பு தோற்றுப்போகிறது, உ-வைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல். இடம்(_இடம்) என்பதை முன்னே வைத்தால் உ ஒழுங்காக வரும். மறுப்புக்கு உள்ளேயும் வெளியேயும் வரும் மாறிகள் மறுப்புக்கு முன்பே மதிப்புப் பெற்றிருக்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். டேட்டாலாக்கில் இந்த வரிசை பொருட்டல்ல; இடம்(_இடம்) போல மாறிக்கு மதிப்புத் தரும் பகுதி விதியில் எங்குமே இல்லாவிட்டால்தான் மொழிப்பொறி அதை முன்கூட்டியே மறுத்துவிடும். வழக்கமான ப்ரோலாக் அமைதியாகத் தவறான விடை தரும்.

‘நிறுவ முடியவில்லை என்றால் பொய்’ என்ற கொள்கைக்குத் தர்க்க விளக்கம் தந்தவர் கீத் கிளார்க், 1978இல். தரவில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தரவு முழுமையாக இருந்தால் சரி. பாதித் தரவை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொன்னால் அது பொய்யாகலாம்.

மறுப்பு வட்டமாகப் போனால்? ‘நீலம் இல்லை என்றால் சிவப்பு, சிவப்பு இல்லை என்றால் நீலம்’ என்று இரண்டு விதிகள். இதைப் ப்ரோலாக்கிடம் கொடுத்தால் சுழலும். மைக்கேல் கெல்ஃபாண்டும் விளாடிமிர் லிஃப்ஷிட்ஸும் 1988இல் இதற்கு வேறொரு பொருள் தந்தார்கள்: இந்த விதிகளுக்கு இரண்டு நிலையான மாதிரிகள் உண்டு, ஒன்றில் சிவப்பு, மற்றதில் நீலம். குழப்பம் என்று ஒதுக்கியதையே தேர்வு என்று படித்துவிட்டார்கள்! விடைத்தொகுதி நிரலாக்கம் என்ற துறை இதிலிருந்து வளர்ந்தது. போட்ஸ்டாம் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய கிளிங்கோ இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி. கால அட்டவணை, பணி ஒதுக்கீடு போன்ற புதிர்களை அதில் எழுதிப் பார்க்கலாம்.

தரவுத்தளம்: அன்றாடம் வெல்லும் இடம்

உலகில் மிக அதிகமாக ஓடும் அறிவிப்பு மொழி எஸ்.கியூ.எல். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் உறவு மாதிரியை முன்வைத்தார். 1974இல் சேம்பர்லினும் பாய்சும் அதற்கொரு மொழி தந்தார்கள். 1979இல் பட்ரீசியா செலிஞ்சர் குழு, வினவலை எந்த வரிசையில் நிறைவேற்றினால் செலவு குறையும் என்று மதிப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை வெளியிட்டது. இந்த மூன்றாவது வந்திருக்காவிட்டால் முதல் இரண்டும் ஏட்டோடு நின்றிருக்கக்கூடும்.

மாணவர் அட்டவணையில் 10,000 வரிகள், பாடம் அட்டவணையில் 100, யார் எந்தப் பாடம் எடுத்தார் என்ற பதிவில் 50,000 என்று கொள்வோம். ஒரு குறிப்பிட்ட பாடம் எடுத்த மாணவர்களின் பெயர் வேண்டும். மாணவரையும் பாடத்தையும் முதலில் இணைத்தால் இடையில் 10 லட்சம் வரிகள். மாணவரையும் பதிவையும் முதலில் இணைத்தால் 50,000. பாடத்தை முதலில் எடுத்தால் 1 வரி, அதற்குரிய பதிவுகள் சராசரியாக 500, பிறகு 500 பெயர்கள். நீங்கள் வினவலில் அட்டவணைகளை எந்த வரிசையில் எழுதினாலும் பொறி மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும். ப்ரோலாக் தராத சுதந்திரம் இது. 10 அட்டவணைகள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் வரிசைகள் மட்டுமே 36,28,800. பகுதி விடைகளைச் சேமித்துக்கொண்டே போவதால்தான் இத்தனையிலும் தேட முடிகிறது.

தவறு எங்கே நேர்கிறது என்றால், பெரும்பாலும் மதிப்பீட்டில். 10 லட்சம் பேர் உள்ள அட்டவணை. 20 மாநிலங்கள், 1,000 ஊர்கள், எல்லாம் சமமாகப் பரவியவை. ‘இந்த மாநிலம், இந்த ஊர்’ என்று கேட்டால், இரண்டும் தொடர்பற்றவை என்று கருதி, இருபதில் ஒன்றையும் ஆயிரத்தில் ஒன்றையும் பெருக்கி 50 வரிகள் வரும் என்று பொறி மதிப்பிடும். ஊர் தெரிந்தாலே மாநிலம் தெரிந்துவிடுமே! உண்மையில் வருவது 1,000. இருபது மடங்குப் பிழை. ஐம்பது வரிக்குப் பொருத்தமான இணைப்பு முறையைப் பொறி ஆயிரம் வரிக்கும் பயன்படுத்தும். அதன்மேல் இன்னும் இரண்டு இணைப்புகள் வந்தால் பிழை பெருகிக்கொண்டே போகும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ கொடுத்தால், மதிப்பிட்ட வரிகளும் உண்மையில் வந்த வரிகளும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வினவல் மெதுவாக இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு எண்களும் எங்கே முதன்முதலாக விலகுகின்றன என்பதை. நெடுவரிசைகளின் தொடர்பைச் சொல்லும் விரிவான புள்ளிவிவரத்தை உருவாக்கினால் இந்தக் குறிப்பிட்ட பிழை சரியாகும்.

நிபந்தனைகளை மட்டும் சொல்வது

எட்டுக்கு எட்டுச் சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை, ஒன்றையொன்று வெட்டாதபடி வைக்க வேண்டும். நெடுவரிசைக்கு ஒரு மாறி, மதிப்பு 1 முதல் 8 வரை. நிபந்தனைகள் மூன்றே: மாறிகள் எல்லாம் வெவ்வேறு, மாறியோடு நெடுவரிசை எண்ணைக் கூட்டியவை எல்லாம் வெவ்வேறு, கழித்தவை எல்லாம் வெவ்வேறு. பின்னிரண்டும் மூலைவிட்டங்களைக் கவனித்துக்கொள்கின்றன. நிரல் இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு தேடினால் 1,67,77,216 அமைப்புகள். சரியானவை 92.

நிபந்தனை நிரலாக்கத்தின் சூட்சுமம், ஊகிப்பதற்கு முன் வடிகட்டுவது. முதல் நெடுவரிசையில் ராணியை 1ஆம் வரிசையில் வைத்ததுமே, மற்ற ஏழு நெடுவரிசைகளிலும் 1ஆம் வரிசையும் ஒரு மூலைவிட்டக் கட்டமும் நீங்கிவிடும். 56 வாய்ப்புகளில் 14 போய் 42 மிஞ்சும். அடுத்த ராணியை வைத்ததும் இன்னும் சுருங்கும். ஏதாவது ஒரு நெடுவரிசை காலியானால் உடனே பின்வாங்கலாம்.

எழுதும் விதம் இங்கேயும் வேலையை மாற்றும். மூன்று மாறிகள், ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 2 மட்டுமே வாய்ப்பு, மூன்றும் வேறுபட வேண்டும். முடியாது என்று நமக்குப் பார்த்ததும் தெரிகிறது. ‘முதலும் இரண்டும் வேறு, இரண்டும் மூன்றும் வேறு, முதலும் மூன்றும் வேறு’ என்று தனித்தனியாக எழுதினால் பொறிக்குத் தெரியாது. இரண்டிரண்டாகப் பார்த்தால் எதிலும் பிழையில்லை. ‘மூன்றும் வெவ்வேறு’ என்று ஒரே நிபந்தனையாகச் சொன்னால், ழான்-ஷார்ல் ரெஜான் 1994இல் தந்த வடிகட்டும் முறையைக் கொண்ட பொறி தேடாமலே மறுத்துவிடும். நிபந்தனை நிரலாக்க மொழியான மினிசிங்கில் எழுதும்போது, இப்படிப் பல மாறிகளை ஒன்றாகக் கட்டும், தயாராக உள்ள முழுமை நிபந்தனைகளைத் தேடிப் பயன்படுத்துங்கள். உங்களுக்குத் தெரிந்த அமைப்பை உடைத்துச் சொன்னால் பொறியால் அதை மீட்டெடுக்க முடிவதில்லை.

ஃபங்ஷனல் மொழிகள், சுருக்கமாக

ஹாஸ்கெலில் (முதல் வரையறை 1990) மாறிக்கு மறுமதிப்பு இடுவது என்பதே கிடையாது. ஒரு கோவையை அதன் மதிப்பால் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். பட்டியலின் எண்களை இரட்டிப்பாக்கி, பிறகு ஒவ்வொன்றோடும் 1 கூட்டு என்று இரண்டு நடையாக எழுதியதைக் கம்பைலர் ஒரே நடையாக இணைத்துவிடலாம். அந்தச் சார்புகள் திரையில் எதையாவது அச்சிடுபவையாக இருந்தால் இது செல்லாது. இரண்டு நடையில் இரட்டிப்புச் செய்திகள் எல்லாம் முதலில் வரும், ஒரே நடையில் மாறி மாறி வரும். பக்கவிளைவை ஒதுக்கி வைத்த கட்டுப்பாடுதான் கம்பைலருக்கு இந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. தேவைப்படும்வரை கணக்கிடாத சோம்பல் மதிப்பீட்டின் விலையும் தெரிந்திருக்கட்டும்: பத்து லட்சம் எண்களைக் கூட்டச் சொன்னால், கூட்டாமல் ‘பிறகு கூட்ட வேண்டியவை’ என்று நினைவகத்தில் அடுக்கிக்கொண்டே போகக்கூடும்.

பிழை தேடுவது

அறிவிப்பு நிரலை அடி அடியாக ஓட்டிப் பார்த்துப் பிழை தேடுவது தலைசுற்ற வைக்கும். அந்த அடிகளை நாம் எழுதவே இல்லையே. 1980களின் தொடக்கத்தில் எஹுத் ஷபீரோ வேறு வழி காட்டினார். தவறான விடையிலிருந்து தொடங்கி, அது எந்தத் துணைவிடைகளிலிருந்து வந்தது என்று மரமாக விரித்து, ஒவ்வொன்றையும் ‘இது சரியா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும். விடை தவறு, ஆனால் அதன் துணைவிடைகள் எல்லாம் சரி என்ற கணுவைக் கண்டதும் நிற்கலாம். பிழை அந்த விதியில்தான் இருக்கிறது. கருவி இல்லாமல் கையாலும் இதைச் செய்யலாம். விடை வராமல் போகும் பிழைக்கு எதிர்த்திசை: விதியின் வலப்பக்கத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக் கேளுங்கள். எதை நீக்கியதும் விடை வருகிறதோ, முதலில் அங்கே பாருங்கள்.

துறையை ஆழமாகத் தொடர விரும்புவோர் 1999 முதல் நடக்கும் பி.பி.டி.பி., பி.ஏ.டி.எல். மாநாடுகளின் கட்டுரைகளைப் பார்க்கலாம். முன்னது கோட்பாட்டையும் நடைமுறையையும் சேர்த்துத் தொடும். பின்னது பயன்பாட்டுப் பக்கம் அதிகம் சாயும்.

படித்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு பயிற்சி. எஸ்.டபிள்யூ.ஐ. ப்ரோலாக்கில் மேலுள்ள வட்டத்தையும், இ-யிலிருந்து உ-வுக்குப் போகும் இணைப்பையும் எழுதி, பாதை விதிக்கு அட்டவணை அறிவிப்புச் சேர்த்து, பாதை(_இங்கு, _அங்கு) என்று கேளுங்கள். 20 விடைகள் வர வேண்டும்: வட்டத்துக்குள் 16, வட்டத்தின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் உ-வுக்கு ஒன்றாக 4. 25 வந்தால் உ-விலிருந்து வட்டத்துக்குத் திரும்பும் இணைப்பு ஒன்றைத் தவறுதலாக எழுதியிருக்கிறீர்கள். 20 வந்துவிட்டால், இரண்டாம் விதியின் இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றி மறுபடி கேளுங்கள். அட்டவணை இருக்கும்வரை 20 மாறாது. பிறகு அறிவிப்பை மட்டும் நீக்கிவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.